நிழல் திரும்பும் ஊர்

வெண்பனியின் மேல் அரிசி மாவால் கோலம் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. ட்ரொம்சோவில் நாங்கள் பொங்கிய முதல் தைப்பொங்கலன்று, வாசல் பனியை மட்டமாகத் தட்டி, மனைவி பாதிக் கோலம் போட்டுவிட்டு நிமிரும்வரை இது இருவருக்குமே உறைக்கவில்லை. வெள்ளைக்கு மேல் வெள்ளை. உள்ளே ஓடிப்போய் மஞ்சள் தூள் எடுத்து வந்து மாவில் கலந்தோம். அன்று தொடங்கி எங்கள் வீட்டுப் பொங்கல் கோலம் மஞ்சள் நிறம்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று எண்ணியே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

கோலத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பொங்கல், பால் பொங்கி வழிவதற்கும் சூரியன் பனைகளுக்கு மேல் எழுவதற்கும் இடையே நடக்கும் ஓட்டப் பந்தயம். அப்பா ஒரு கண்ணைப் பானையிலும் ஒரு கண்ணைக் கிழக்கிலும் வைத்துக்கொண்டு எல்லோரையும் விரட்டுவார். ட்ரொம்சோ நோர்வேயின் வடக்கில், துருவ வட்டத்துக்கும் அப்பால், ஏறக்குறைய 70 பாகையில் இருக்கிறது. நவம்பர் 21 வாக்கில் மலைகளுக்குப் பின்னால் போகும் சூரியனை மறுபடி பார்க்க ஜனவரி 21 ஆகிவிடும். பொங்கல் வருவதோ ஜனவரி 14 அல்லது 15இல். நன்றி சொல்ல நாங்கள் ஆயத்தமாக நிற்கிறோம். நன்றி வாங்க வேண்டியவர் ஊரில் இல்லை.

கிழக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் அங்கே எதுவும் உதிக்காது. யோசித்துப் பார்த்து, வெளிச்சம் கொஞ்சமாவது தெரியும் நண்பகலில், தெற்கு முகமாகப் பொங்குவது என்று முடிவு செய்தோம். கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் கொண்டுபோகும் எரிவாயு அடுப்பு, அதன் மேல் பானை, பச்சரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, தகர டப்பாவில் வந்த தேங்காய்ப்பால். குளிரில் அடுப்புச் சுடர் சோர்ந்து சோர்ந்து எரிந்தது. பால் பொங்குவதற்குள் என் மீசையில் பனி பிடித்துவிட்டது.

அப்போது மேல்மாடிக் கிழவி பனி அள்ளும் சவளோடு இறங்கி வந்தாள். நின்று பார்த்தாள்.

"யாருக்கு இந்தச் சோறு?"

"சூரியனுக்கு."

அவள் தெற்குப் பக்கம் திரும்பி மலைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவள் இன்னும் வரவில்லையே. ஒரு வாரம் முந்திவிட்டாய்."

நோர்வேஜிய மொழியில் சூரியன் பெண். அந்த மொழியில் மரியாதைப் பன்மையும் வழக்கொழிந்துவிட்டது. பிரதமரையும் "நீ" என்றே கூப்பிடலாம். ஆகவே கிழவி என்னை ஒருமையில் அழைத்ததை நான் தப்பாக எடுக்கவில்லை. ஒரு வாரம் முந்திவிட்டாய் என்றது மட்டும் உள்ளே தைத்தது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த கணக்கின்படி நாங்கள் மூன்று வாரத்துக்கு மேல் பிந்தியிருந்தோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாத்திரியார் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு கட்சிகள். வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என்பதில்கூட இரண்டுக்கும் ஒத்துப்போகாது. சாத்திரியார் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டையும் திட்டுவார். தை முதலாம் நாள் உத்தராயணம் பிறக்கிறது, சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து நான் ஒப்புவித்தபோது, "அவன் திரும்பி இருபத்துமூன்று நாளாயிற்று. நாங்கள்தான் இப்போது தோரணம் கட்டுகிறோம்" என்றார். பிறகு முற்றத்தில் ஒரு பம்பரத்தைச் சுழல விட்டுக் காட்டினார்.

வேகம் குறைந்த பம்பரத்தின் தலை மெல்ல வட்டமடிக்கும் அல்லவா, பூமியின் அச்சும் அப்படித் தள்ளாடுகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டுகள். பருவங்கள் சூரியனின் திருப்பத்தைப் பின்பற்றுகின்றன. நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் இடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகல் விழுகிறது. சோதிடர்கள் அதை அயனாம்சம் என்பார்கள். இன்று அது 24 பாகையைத் தாண்டிவிட்டது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தியும் உண்மையான கதிர்த்திருப்பமும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றன. அதன்பின் சூரியன் டிசம்பர் 21, 22இல் திரும்பிக்கொண்டே இருக்க, பொங்கல் மெல்ல மெல்லத் தள்ளிப்போகிறது. விவேகானந்தர் பிறந்த 1863இல் மகர சங்கராந்தி ஜனவரி 12இல் வந்தது. இப்போது 14, 15. அம்புப் படுக்கையில் உத்தராயணத்துக்காகக் காத்துக் கிடந்த பீஷ்மருக்கு யாராவது இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும் என்று சாத்திரியார் சொல்லிச் சிரிப்பார். பீஷ்மர் காலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது, நகைச்சுவைக்காக விட்டுவிட்டேன்.

இந்த முழு விளக்கத்தையும் பனி அள்ளும் சவளோடு நின்ற கிழவிக்கு, என்னுடைய அன்றைய நோர்வேஜிய மொழியில், பொங்கல் அடிப்பிடிக்கும் நேரத்தில் சொல்ல முடியுமா? ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை நோர்வேயின் பாற்சோற்றோடு ஒப்பிட்டு, இனிப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு முழுவதையும் தின்றாள்.

தெற்கே பிறந்தவர்கள் எங்கள் இருட்டுக் காலத்தை ஒரு கரிய போர்வையாகக் கற்பனை செய்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். உண்மையில் டிசம்பர் 21 நண்பகலில் ட்ரொம்சோவின் சூரியன் தொடுவானத்துக்கு மூன்று பாகைதான் கீழே இருக்கிறான். அது விடியலுக்குச் சற்று முந்திய வெளிச்சம். வானம் தெற்கே ரோஜா நிறத்திலும் தலைக்கு மேலே ஆழ்ந்த நீலத்திலும் இருக்கும். பனி முழுவதும் அந்த நீலத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கும். விளக்கில்லாமல் நடக்கலாம், ஆளை அடையாளம் காணலாம். அந்த விடியல் மட்டும் விடியாது. இரண்டு மூன்று மணி நேரம் விடியப் போவதுபோல் இருந்துவிட்டு, அப்படியே அந்தியாகிவிடும்.

அந்த நாட்களில் இல்லாமல் போவது நிழல். தெருவிளக்கின் கீழே ஒன்றுக்கு மூன்று நிழல் விழும், அது கணக்கில் சேராது. எனக்கென்று, என் காலில் ஒட்டிக்கொண்டு, நேரத்துக்குத் தக்கபடி வளர்ந்து குறுகும் நிழல் இரண்டு மாதம் இருக்காது. முதல் குளிர்காலத்தில் எதையோ தொலைத்துவிட்டதுபோல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே திரிந்தேன். என்ன தொலைந்தது என்று கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆயின.

வடக்கில் என் முதல் குளிர்காலம் ட்ரொம்சோவில் இல்லை, வார்டோவில். 1988இல் ஒரு மக்கள் உயர்நிலைப் பள்ளியில் (இளைஞர்கள் தங்கிப் படிக்கும், பரீட்சை இல்லாத பள்ளி) இடம் கிடைத்து நோர்வே வந்து சேர்ந்த பல யாழ்ப்பாணப் பையன்களில் நானும் ஒருவன். படிப்பு முடிந்ததும் கையில் காசும் இல்லை, போக இடமும் இல்லை. வடக்கே ஃபின்மார்க் கரையோரத்தில் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நோர்வேஜியர்களே போகத் தயங்கிய ஊர்களுக்குத் தமிழர்கள் போனார்கள். வார்டோ ஒரு தீவு, மரங்கள் இல்லாத மொட்டைத் தீவு. 1982இல் கடலுக்கடியில் அமைத்த சுரங்கச் சாலை ஒன்றுதான் அதை நிலத்தோடு இணைக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இஸ்தான்புலுக்கும் கிழக்கே இருக்கும். கடிகாரம் மட்டும் ஒஸ்லோவின் கடிகாரம். எனவே நண்பகல் காலை பதினொன்றுக்கே வந்துவிடும்.

1990 ஜனவரி. துருப்பிடிக்காத எஃகு மேசைகளின் முன்னால் வரிசையாக நின்று கொட் மீனைத் துண்டம் போட்டுக்கொண்டிருந்தோம். ரப்பர் பூட்ஸ், ஏப்ரன், கையுறைக்குள் கையுறை. ஒரு மேசையில் ஐந்து பேர், ஐவரும் வடமராட்சியையும் வலிகாமத்தையும் சேர்ந்தவர்கள். பதினொரு மணி வாக்கில் வெளியே பீரங்கி வெடித்தது.

அது பீரங்கி என்பதில் எங்களில் யாருக்கும் ஐயமில்லை. அந்தச் சத்தத்தைப் பிரித்தறிவதில் ஊரில் எங்களுக்கு நல்ல பயிற்சி கிடைத்திருந்தது. ஒருவன் மேசைக்கடியில் போய்விட்டான். இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டு ஈரத் தரையில் குப்புறப் படுத்தான். நான் கத்தியோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். கத்தி எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. எதிர் மேசைப் பெண்களோ ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மேற்பார்வைக்கு நின்ற பெண் எங்களைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். வந்து மேசைக்கடியில் குனிந்து, உள்ளே இருந்தவனின் கையைப் பிடித்து இழுத்து, "சூலா, சூலா" என்றாள். சூலா என்றால் சூரியன்.

வார்டோவில் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று நட்சத்திர வடிவில் இருக்கிறது. ஜனவரி 20 வாக்கில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் தெரிந்ததும் அங்கே பீரங்கி முழக்கி வரவேற்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. யாரும் எங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது; நல்லூர்த் தேர் வெடி என்றால் நாங்கள் யாருக்கும் முன்கூட்டி விளக்குவோமா?

துறைமுக மேடையில் போய் நின்றோம். கடலுக்கு மேல், வெட்டிய செவ்விளநீரின் முகம் போல், ஒரு சிவப்புத் துண்டு. சில நிமிடங்கள்தான். மேசைக்கடியில் இருந்தவன் அழுதுகொண்டிருந்தான். சூரியனுக்காகவா பீரங்கிக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பனியின் மேல் ஏப்ரன் கட்டிய ஐந்து கறுப்புக் கோடுகள், தொழிற்சாலைச் சுவர் வரை நீண்டு, சுவரில் ஏறி நின்றன.

ட்ரொம்சோவில் பீரங்கி இல்லை, பன் உண்டு. ஜனவரி 21 'சூரிய நாள்'. எண்ணெயில் பொரித்து உள்ளே ஜாம் வைத்த உருண்டைப் பன்னுக்கு அன்று 'சூரியப் பன்' என்று பெயர். காலை முதலே பேக்கரிகளுக்கு வெளியே வரிசை நிற்கும். அலுவலகங்களில் யாராவது பெட்டி பெட்டியாக வாங்கி வந்துவிடுவார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் கடதாசிச் சூரியன்களைத் தலையில் கட்டிக்கொண்டு மலைப் பக்கம் பார்த்துப் பாட்டுப் பாடுவார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மேகம் மூடியிருக்கும். பாட்டும் பன்னும் மேகத்துக்காக நிற்பதில்லை.

வானியல் கணக்கின்படி ட்ரொம்சோவில் சூரியனின் மேல் விளிம்பு தொடுவானத்தைத் தொடுவது ஜனவரி 15 வாக்கில். சரியாகப் பொங்கல் நாள்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொடுவானம் இருக்க வேண்டிய இடத்தில் மலைகள் இருப்பதால்தான் இன்னும் ஆறு நாள் காத்திருக்கிறோம். மலைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பதினொன்று ஐம்பத்துமூன்றுக்கு, நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லும் அதே நேரத்தில், அவர் அந்தப் பக்கம் வந்து நின்றிருப்பார். மேல்மாடிக்குப் போய்க் கிழவியிடம் சொன்னேன். "மலையைத் தள்ளிவிட்டா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி ஊற்றினாள்.

அவளுடைய சமையலறைச் சுவரில் ஒரு பென்சில் பட்டியல் இருந்தது. ஆண்டுதோறும் முதல் வெயில் அந்தச் சுவரைத் தொட்ட இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. கோடுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் தொடங்கினாலும் தேதிகள் ஓடிப்பிடித்து விளையாடின: 23, 22, 30, 25, பிப்ரவரி 4. சூரியன் அட்டவணை பிசகாதவர். அந்தப் பட்டியல் முழுவதும் மேகத்தின் குறும்பு.

அவள் டிசம்பர் 21 அன்று காலையில் படிக்கட்டில் யாரைக் கண்டாலும் "இன்று அவள் திரும்புகிறாள்" என்பாள். கதிர்த்திருப்பத்துக்கு இங்கே சாதாரண மக்கள் சொல்லும் வார்த்தையே அதுதான். முதலில் இந்த மகிழ்ச்சி எனக்குப் புரியவில்லை. திரும்பினால் என்ன, கண்ணுக்கு ஒன்றும் தெரியாதே. திருப்பத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாட்களில் சூரியனின் உச்சி உயரம் அரைப் பாகைகூட மாறாது. பஸ் வளைவில் திரும்பும்போது உள்ளே தூங்குகிறவனுக்குத் தெரியாததுபோல. ட்ரொம்சோ நாட்காட்டியில் அந்த வாரங்களில் சூரிய உதயம், மறைவு என்ற இரண்டு கட்டங்களிலும் சிறு கோடு மட்டும் போட்டிருப்பார்கள். ஜனவரி நடுவில் எண்கள் வந்ததும் பாருங்கள்: மாதம் முடிவதற்குள் பகல் நாலு மணி நேரத்தைத் தாண்டிவிடும். சீட்டு விழுந்தவன் வீட்டில் வரிசையாக மின்விசிறி, கட்டில், தொலைக்காட்சி வருவதுபோல் வெளிச்சம் வந்து குவியும்.

மார்ச் 20 வாக்கில் வரும் சம இரவு நாளை நெருங்கும்போது பகல் ஒவ்வொரு நாளும் எட்டரை நிமிடம் கூடிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம். யாழ்ப்பாணத்தில் அதே நாட்களில் கூடுவது அரை நிமிடம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே ஒரு மணி பத்து நிமிட வித்தியாசம்கூட இல்லை. நான் இருபது வயது வரை பகல் நீள்கிறது குறுகுகிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்தேனே ஒழிய உடம்பில் உணர்ந்ததில்லை. மாலை ஆறு மணிக்குப் பின்னேரம் முடியும், அவ்வளவுதான்.

2004ஆம் ஆண்டு மார்ச் 20 ஒரு சனிக்கிழமை. போர் நிறுத்த காலம். ஊருக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அம்மா, இன்று உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பகல்."

"அப்படியா தம்பி? அப்ப வெயிலும் வந்துவிட்டதா?"

"வெயில் வந்துவிட்டது. குளிர் இன்னும் பூச்சியத்துக்குக் கீழே. பனி இடுப்பளவு."

"பிறகென்ன பகல்" என்றார் அம்மா. அடுத்ததாகப் பக்கத்து வீட்டுக் கிணறு இறைத்த கதைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. (ஒரே பகல் என்று நான் சொன்னதும் முழு உண்மையில்லை. தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் சூரியனைக் காற்று மண்டலம் வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது. போதாததற்கு இங்கே அவர் சரிவாக ஊர்ந்து ஏறி, சரிவாக ஊர்ந்து இறங்குகிறார். அதனால் சம இரவு நாளில் எங்கள் பகல் இருபது நிமிடம் போல நீளம். யாழ்ப்பாணத்தில் ஏழு நிமிடம்தான். இதை அம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.) உலகம் முழுவதற்கும் வசந்தத்தின் முதல் நாள் என்று நாட்காட்டிகள் அச்சிடும் அந்த நாளில் ட்ரொம்சோவின் பனி அதன் உச்சத்தைக்கூடத் தொட்டிருக்காது.

வெளிச்சம் ஒருவர், சூடு இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று நம்பி வந்தவன் நான். இங்கே முதலாமவர் ஜனவரியில் வந்து கதவைத் தட்டுகிறார். இரண்டாமவர் மே கடைசியில், வருத்தம் தெரிவிக்காமல், பின்வாசலால் நுழைகிறார். ஐந்து மாதங்களாகச் சேர்ந்த பனி உருகுவதற்கு முதலில் பகலும் இரவும் பூச்சியத்தைத் தாண்ட வேண்டும். அதுவரை வந்த வெயிலில் பெரும்பகுதியை வெண்மை திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடுகிறது. மிச்சம் உருக்குவதற்கே சரியாகப் போகிறது. காற்றைச் சூடாக்கக் கையில் எதுவும் இருப்பதில்லை.

1997ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று ட்ரொம்சோவில் பனியின் ஆழம் 240 சென்டிமீட்டர். இந்த ஊரில் அளந்து பதிவானவற்றில் அதுதான் உச்சம். சித்திரை பிறந்து பதினைந்து நாள்! முதல் மாடி யன்னல்களுக்கு வெளிச்சம் வரக் குழி வெட்டினோம். கார் நிறுத்துமிடத்தில் கார்கள் இல்லை, மேடுகள் இருந்தன. துடைப்பக் கட்டையால் குத்திப் பார்த்து, என்னுடையது இதுதான் என்று தீர்மானித்து, இரண்டு மணி நேரம் தோண்டினேன். கூரை தெரிந்ததும் சிவப்பாக இருந்தது. என் கார் நீலம். ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்து மேட்டுக்குப் போனேன். மறுநாள் சிவப்புக் கார்க்காரர் ஒரு பெட்டி இறால் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்காகத்தான் தோண்டினேன் என்று அவர் நினைத்ததை நான் திருத்தவில்லை.

இந்தப் பருவத்தை என்னவென்று அழைப்பது? குளிர்காலம் என்றால் முகம் வெயிலில் கறுக்கிறது. ஈஸ்டர் விடுமுறையில் பனிச்சறுக்கப் போய்த் திரும்புகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியின் அச்சோடு ஆந்தைபோல் வருகிறார்கள். வசந்தம் என்றால் இரண்டு மீட்டர் பனி. இந்த மண்ணின் பழங்குடிகளான சாமி மக்களில் ஒரு பகுதியினர் கலைமான் மேய்ப்பவர்கள். அவர்கள் ஆண்டை எட்டாகப் பிரிக்கிறார்கள். அதில் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவே 'வசந்தக் குளிர்காலம்' என்று தனியாக ஒன்று. வடநோர்வேயின் மற்றவர்களும் அதை எடுத்துப் புழங்குகிறார்கள். முதன்முதல் கேட்டபோது எங்கோ அறிந்த சொல்போல் இருந்தது. வீடு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்தபடியே "பின்பனி" என்றாள்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. பனியே பெய்யாத நாட்டில், வெறும் புல் நுனி ஈரத்துக்காக, பனியை முன் என்றும் பின் என்றும் இரண்டாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். அதிகாலைப் பனி மெல்ல விலகும் அந்த இரண்டு மாதத்துக்கும் இங்கே என் யன்னலுக்கு வெளியே நிற்கும் மதிலுக்கும் ஒரே பெயர் பொருந்தும் என்று யார் எதிர்பார்த்தது? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மார்ச், ஏப்ரல் இரண்டும் பின்பனிதான்.

பிறகு சித்திரை வருடப்பிறப்பு. இந்த நாளுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பும் நழுவிவிட்டது என்று சொல்வார்கள். சம இரவு நாளுக்கு மூன்றரை வாரம் கழித்து வருகிறது. ஆனால் எங்கள் ஊருக்கு மட்டும் தற்செயலாக ஒரு சலுகை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 5 முதல் பதினைந்து வரை சூரியன் இலங்கைத் தீவின் தென்முனையிலிருந்து வடமுனை வரை நேர் உச்சியில் கடந்து போகிறான். இன்று எந்தெந்த ஊர்களில் உச்சம் கொடுக்கிறது என்று செய்தியில் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு அந்த முறை வருவது வருடப்பிறப்பை ஒட்டி. காலையில் மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, கைவிசேடம் வாங்கி, போர்த்தேங்காய் அடிக்க ஒழுங்கைக்கு ஓடுவோம். பன்னிரண்டு பத்துக்கு அப்பா எங்களைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்துவார். "குனிந்து பார்." நிழல் இருக்காது. காலைத் தூக்கினால் பாதத்துக்கடியில் ஒளிந்திருந்தது எட்டிப் பார்க்கும். புது வருடத்தன்று நிழலை மிதித்து நிற்க வேண்டும் என்பார் அப்பா. அது சாத்திரமா, அவரே கட்டியதா என்று தெரியாது.

ட்ரொம்சோவில் அதே நாளில் சூரியன் நண்பகலில் முப்பது பாகை உயரத்துக்கு வருகிறான். என் உயரம் 168 சென்டிமீட்டர். பனியின் மேல் என் நிழல் ஏறக்குறைய மூன்று மீட்டர். மிதிப்பதற்கு நான்தான் ஓடிப்போக வேண்டும்.

மே மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அது ஓட்டத்தில் போகும். ஏப்ரல் 30 வடக்கில் ஆணி டயருக்குக் கடைசி நாள். கழற்றிய மறுநாள் பனி கொட்டுவது வழக்கம். மாதத்தின் பெயரில் 'ர்' இருக்கும்வரை மீன் எண்ணெய் குடிக்க வேண்டும் என்பது நோர்வே விதி. செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை காலையில் ஒரு கரண்டி. மே பிறந்ததும் போத்தலை மூடி வைக்கும்போது என் மகன் போடும் கூத்தாட்டம்தான் எங்கள் வீட்டின் வசந்த விழா. குளிர்காலம் முழுவதும் சறுக்காமலிருக்கத் தெருவில் கொட்டிய சரளைக் கல்லை இயந்திரங்கள் கூட்டி அள்ளும். ஊரே புழுதியாகும், எனக்கு அந்தப் புழுதி வாசனை பிடிக்கும், யாழ்ப்பாணத்துப் பங்குனி போலிருக்கும். வடிகால் ஓரத்தில் குளம்பிலைச் செடி, இலை விடுமுன்னே, மஞ்சள் பூவை நீட்டும். முதல் பூவைக் கண்டவர் தொலைபேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். மே கடைசியில், சில ஆண்டுகளில் ஜூனில், பேர்ச் மரங்கள் துளிர்க்கும். அந்த அளவில் இலைகளை 'எலிக் காது' என்பார்கள். ஒரு வாரத்தில் மலை முழுவதும் பச்சையாகிவிடும். காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் வசந்தம் என்பது ஒரு தும்மல்.

அதற்குள் மே 20 வாக்கில் சூரியன் மறைவதை நிறுத்தியிருப்பார். ஏறக்குறைய ஜூலை 22 வரை அப்படியே.

அதே 1997ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி. சனிக்கிழமை, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வீட்டின் வடக்குச் சுவரோரத்தில் அழுக்கேறிய பனிக் குவியல் ஒன்று இன்னும் கரையாமல் கிடந்தது. எனக்கு ஒரு யோசனை. இன்றுதான் ஆண்டிலேயே சூரியன் மிக உயரத்துக்கு வரும் நாள். என் நிழல் மிகக் குட்டையாகும் நாள். எவ்வளவு குட்டையாகிறது பார்ப்போம். கோடைகாலக் கடிகாரத்தில் இந்த ஊரின் உண்மையான நண்பகல் பன்னிரண்டு நாற்பத்தாறு. வாசலில், பொங்கல் பானை வைக்கும் அதே இடத்தில், நேராக நின்றேன். மகன் என் பாதத்தில் தொடங்கித் தலை நிழல் வரை அளவு நாடாவை இழுத்தான்.

"நூற்றி எழுபத்தைந்து" என்றான்.

மறுபடி அளக்கச் சொன்னேன். நூற்றி எழுபத்தைந்து. என்னைவிட ஏழு சென்டிமீட்டர் அதிகம். ஆண்டின் ஆக உச்சத்தில்கூட இந்த ஊர்ச் சூரியன் 44 பாகையைத் தொடுவதில்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் இங்கே என் நிழலை என்னால் முந்த முடியாது.

மேல்மாடிப் பலகணியில் கிழவி கைகளைக் கம்பியில் ஊன்றி, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன்.

"இன்று எத்தனையாம் தேதி?"

"இருபத்தொன்று."

அவள் கண்ணைத் திறந்தாள். "ஐயோ," என்றாள், "திரும்பிவிட்டாள். இனி இருட்டுதான்." சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.